பேரீச்சம்பழக்காரன்

2025 நவம்பரில் அமெரிக்காவில் ஓர் ஏலம் நடந்தது. வடக்கு கலிஃபோர்னியாவில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர், அம்மா காலமான பிறகு வீட்டை ஒழித்திருக்கிறார்கள். பரணில் ஓர் அட்டைப்பெட்டி. மேலே பழைய நியூஸ் பேப்பர். அதற்கு அடியில் சில காமிக்ஸ் புத்தகங்கள். அதில் ஒன்று, 1939-ல் வந்த 'சூப்பர்மேன்' முதல் இதழ். அட்டை விலை பத்து சென்ட். ஏலத்தில் போனது 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு. நம்ம பணத்தில் சுமார் எண்பது கோடி.

இந்தச் செய்தியைக் காலை டிபன் நேரத்தில் சத்தமாகப் படித்தேன். வேண்டுமென்றேதான். எதிரே என் அம்மா. வயது எண்பத்திரண்டு. இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா... அந்தம்மா பரண்ல எப்படிப் பத்திரமா வெச்சிருந்திருக்காங்க!"

"அவங்க வீட்டுப் பரண்ல எலி இல்ல போலருக்கு" என்றாள் அம்மா. அத்துடன் அடுத்த இட்லிக்குப் போய்விட்டாள்.

விவரம் இதுதான். 1988 கோடை லீவில் நான் அத்தை வீட்டுக்குப் போயிருந்த பத்து நாளில், அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. வீட்டுச் சாமான்களைக் குறைக்க வேண்டும். என் கள்ளிப்பெட்டியில் இருந்த நூற்றுப்பன்னிரண்டு காமிக்ஸ் புத்தகங்கள், ஓர் ஓட்டை அலுமினியக் குண்டானோடு சேர்த்து, வாசலில் வந்த பேரீச்சம்பழக்காரனிடம் போய்விட்டன. பதிலுக்கு ஒரு தாம்பாளம் பேரீச்சம்பழம். ஊரிலிருந்து வந்ததும் வராததுமாக நான் உட்கார்ந்து அந்தப் பேரீச்சம்பழத்தைத் தின்றேன். பாதித் தாம்பாளம் காலியான பிறகுதான், "இது ஏதும்மா?" என்று கேட்கத் தோன்றியது.

அம்மா இன்றுவரை ஒரு விஷயத்தை விட்டுக்கொடுத்ததில்லை. "அவன் நல்ல மனுஷன்டா. எடைக்கு மேல ஒரு கை அள்ளிப் போட்டான்."

*

இந்தப் பக்கத்தை ஆபீஸ் ஃபைலுக்குள் மறைத்து வைத்துப் படிக்கும் தம்பிகளுக்கு, நான் எதற்காக இப்படிப் புலம்புகிறேன் என்று புரியாமல் இருக்கலாம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ன் ஆரம்பத்தில் வந்தது. முதல் கதையே 'இரும்புக்கை மாயாவி'. ஆள் அசல் இங்கிலாந்துச் சரக்கு. 1962-ல் 'வேலியன்ட்' என்ற பத்திரிகையில் பிறந்தவர், பெயர் லூயிஸ் கிராண்டேல். விபத்தில் வலது கை போய் இரும்புக் கை பொருத்தியிருப்பார்கள். கரண்ட்டில் அந்தக் கையை வைத்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதைப் படித்துவிட்டு நான் ஒருநாள் ப்ளக் பாயிண்ட்டில் கம்பியை விட்டேன். நான் மறையவில்லை. வீட்டு ஃப்யூஸ் போனது. சற்று நேரத்தில் அப்பாவின் கை மட்டும் அந்தரத்தில் தெரிந்தது.

1984 ஜூலையில் லயன் காமிக்ஸ், மாடஸ்டி என்ற அம்மணியோடு வந்தது. அதே மாதம் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டோடு. கையில் கிடைக்கும் சில்லறைக்கு எதை வாங்குவது, எதை விடுவது என்று ஒரு தலைமுறையே தவித்தது. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோனது. லயனும் முத்துவும் நடுவில் தடுமாறி, 2012-லிருந்து வழவழ தாளில் கலர் கலராக வர ஆரம்பித்தன.

லயனில் ஸ்பைடர் என்றொரு ஆசாமி வருவார். கூர் காது, கறுப்பு உடுப்பு, கையில் வலை வீசும் துப்பாக்கி. குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆகப்போகிறேன் என்று கிளம்பி, நடுவழியில் நல்லவராகி விடுவார். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி ஸீகல். அதாவது சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1938-ல் சூப்பர்மேனின் உரிமையை அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையும் சேர்த்து எழுதப்பட்ட செக் ஒன்று இருக்கிறது. வெறும் செக். பாங்க்கில் மாற்றி முடிந்த செல்லாத காகிதம். அது 2012-ல் ஒரு லட்சத்து அறுபதாயிரம் டாலருக்கு ஏலம் போனது! படைத்தவனுக்கு 130. அவன் வாங்கிய செக்கை வைத்திருந்தவனுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். நான் இறங்கிய தொழில் எப்பேர்ப்பட்டது என்று அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எனக்கு இந்த வியாதி பிடித்தது அதே 2012-ல். திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொறியியல் கைடுகளுக்கு நடுவே ஒரு பழைய லயன் எட்டிப்பார்த்தது. எடுத்து மூக்கருகே வைத்தேன். பழைய நியூஸ் பிரிண்ட்டுக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் வனிலா, கொஞ்சம் மழை நனைந்த கோணி. முப்பது வருஷம் பின்னால் போய் விழுந்தேன். முப்பது ரூபாய் என்றார். பேரம் பேசாமல் கொடுத்தேன். இந்தத் தொழிலில் முதல் தப்பு அதுதான். அடுத்த வாரம் போனபோது என் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் நூற்றைம்பது ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஏமாந்த கதைகளைச் சொன்னால் இந்தப் பத்திரிகைக்குப் பக்கம் போதாது. சில மட்டும்.

கடைசிப் பக்கம் இல்லாத புத்தகம். நம்ம ஊர்ப் பழைய காமிக்ஸில் பாதிக்கு மேல் இப்படித்தான். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் முதலில் கழன்று போகும். விற்கிறவர் அதைச் சொல்லமாட்டார். 'நல்ல கண்டிஷன்' என்பார். கொலைகாரன் முகமூடியைக் கழற்றுகிறான்... அடுத்த பக்கம் அட்டை! அந்தக் கொலைகாரன் யாரென்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னொரு எண்ணூறு ரூபாய் ஆனது. தோட்டக்காரன். எண்ணூறுக்கு வொர்த் இல்லை.

பைண்டிங் புத்தகம் இன்னொரு கண்ணி. பத்து இதழைச் சேர்த்துக் காலிகோ அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்தெல்லாம் இருக்கும். பார்க்க லட்சணம். ஆனால் பைண்டர் என்ன செய்திருப்பார்? தடிமனாக இருக்கிறதென்று பத்து மேலட்டையையும் கிழித்துப் போட்டிருப்பார். ஓரம் சமமாக வர வேண்டுமென்று மூன்று பக்கமும் வெட்டியிருப்பார். அதில் வசனத்தின் கடைசி எழுத்துகள் காலி. "உன்னைச் சும்மா விட மாட்டே" என்று எல்லா வில்லன்களும் மெட்ராஸ் பாஷை பேசுவார்கள்.

வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது தனிப் பாடு. அந்தத் தாள் மட்டமான மரக்கூழில் செய்தது. உள்ளேயே புளிப்பு இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் தானே பழுப்பாகி, அப்பளம் மாதிரி நொறுங்கும். பின் அடித்த இடத்தில் துரு. நான் புத்திசாலித்தனமாகக் கிழிசலுக்கெல்லாம் செலோடேப் ஒட்டினேன். நாலு வருஷத்தில் டேப் உதிர்ந்து, பசை மட்டும் காப்பிக் கறையாக நிற்கிறது. மாடஸ்டியின் முகத்தின் குறுக்கே ஒரு பட்டை. அதற்கப்புறம் ராமபாணப் பூச்சி. பழைய புத்தகம் ஒன்றை வாங்கி நேரே அலமாரியில் வைத்தீர்களோ, அலமாரி பூராவும் அதற்குக் கல்யாண விருந்து. வாங்கி வந்ததைப் பத்துப் பதினைந்து நாள் தனியாக ஒரு மூடின டப்பாவில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே சேர்க்க வேண்டும். இதை நான் கற்றுக்கொள்ள நாற்பது புத்தகம் பலி.

ஆனால் என் ஏமாற்றங்களின் சிகரம் வேறு. 1972-ன் அந்த முதல் 'இரும்புக்கை மாயாவி'.

இந்தக் கதை பின்னாளில் பல தடவை மறுபதிப்பு வந்துவிட்டது. படிப்பதற்கென்றால் கஷ்டமே இல்லை. ஆனால் எங்களைப் போன்ற கிறுக்கர்களுக்கு முதல் பதிப்புதான் வேண்டும். பல மாதம் சுற்றி ஒருத்தரைப் பிடித்தேன். டீக்கடையில் வைத்து, பிளாஸ்டிக் கவருக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் வெல்வெட் துணி என்று அவிழ்த்தார். நகை வாங்கினால்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். பொங்கல் போனஸ் அப்படியே போனது. வீட்டில் ஆறுநூற்றைம்பது என்று சொன்னேன். அதற்கே ஒரு வாரம் ரசம் உப்பில்லாமல் வந்தது.

அந்த வாரம் மனைவியின் தாய்மாமா வந்திருந்தார். தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டவர். பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டியவர், கதையைப் பார்க்கவில்லை. பதிப்பாளர் முகவரியைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது எப்போ வந்த புஸ்தகம்?"

"72 மாமா. வருஷ ஆரம்பம். ஃபர்ஸ்ட் இஷ்யூ!"

"அப்போ சிவகாசிக்குப் பக்கத்துல ஆறு நம்பர் போட்டிருக்கே, எப்படி?"

"அது பின்கோடு மாமா."

"அது தெரியும். பின்கோடே 72 ஆகஸ்ட் பதினஞ்சுலதானே வந்தது?"

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில், விலை இருந்த இடம் பிளேடால் நாசூக்காகச் சுரண்டப்பட்டிருந்தது. மறுபதிப்பு. அசல் விலைக்கு வாங்கினால் இருபது ரூபாய் பெறும்.

"எவ்வளவு குடுத்தீங்க?" என்றார் மாமா.

"ஆறுநூத்தம்பது."

"அடப்பாவமே! ஆறுநூத்தம்பதா!"

நான் ஒன்றும் பேசவில்லை.

*

சில தம்பிகள் இதை முதலீடு என்று நினைத்து இறங்குகிறார்கள். தங்கம் மாதிரி, ஏறிக்கொண்டே போகும் என்று கணக்கு. அவர்களுக்கு ஒரு அமெரிக்க உதாரணம். 1992-ல் சூப்பர்மேன் செத்துப்போகிறார் என்று 75-ம் இதழைக் கறுப்புக் கவரில் போட்டு விற்றார்கள். ஜனங்கள் ஐந்து பிரதி, பத்து பிரதி என்று வாங்கிக் கவரைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டினார்கள். லட்சம் லட்சமாக விற்றது. எல்லாரும் பத்திரமாக வைத்திருப்பதால் இன்றைக்கு அதைச் சீந்துவாரில்லை. சூப்பர்மேனும் சில மாதத்தில் உயிரோடு வந்துவிட்டார். அந்த மோகம் அடங்கியதில் காமிக்ஸ் கடைகள் வரிசையாக மூடின. 1996 டிசம்பரில் மார்வெல் கம்பெனியே திவால் மனு கொடுத்தது.

1939-ன் சூப்பர்மேனுக்கு மட்டும் எண்பது கோடி எப்படி வந்தது? உலக யுத்தத்தின்போது பழைய பேப்பர் சேகரிக்கிறோம் என்று வீடு வீடாக அள்ளிக்கொண்டு போனார்கள். அதிலும் தப்பியதை அம்மாக்கள் தூக்கிப் போட்டார்கள். நான் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். அம்மாக்கள் தூக்கிப் போட்டால்தான் விலை. எங்கம்மா அந்த வகையில் யாரோ ஒரு முகந்தெரியாத கலெக்டரைக் கோடீஸ்வரராக்க உதவியிருக்கிறாள்.

நானும் கை சுட்டுக்கொண்டேன். 'ரத்தப் படலம்' என்று ஒரு தொடர். ஞாபகம் தொலைத்த ஒருவன் தான் யாரென்று தேடும் கதை. 2010-ல் பதினெட்டு பாகங்களையும் ஒரே குண்டுப் புத்தகமாகக் கறுப்பு வெள்ளையில் போட்டார்கள். அது தீர்ந்துபோனதும் வெளியே தங்கப்பஸ்பம் ஆனது. அட்டை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று படிக்க, ஒன்று பெண் கல்யாணத்துக்கு. 2018-ல் அதே கதையைக் கலரில் கொண்டுவந்துவிட்டார்கள். பெண் கல்யாணத்துக்குப் பி.எஃப்.பில்தான் லோன் போட வேண்டும்.

*

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் நான் ஏமாந்ததையே சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம்.

எங்கள் ஆபீஸ் அட்டெண்டர் ஒருநாள் வந்து காதைக் கடித்தார். "சார், எங்க தெருவுல ஒரு பெரியம்மா வீடு காலி பண்றாங்க. டிரங்குப் பெட்டி நிறைய பொம்மைப் புஸ்தகமாம். நீங்கதான் அதுக்குப் பைத்தியமாச்சே."

மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை. புரசைவாக்கத்தில் ஒரு சந்து. எழுபத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மா, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். "புது வீடு ரொம்பச் சின்னது தம்பி. இதையெல்லாம் எங்க வைக்கிறது?" என்னைத் தம்பி என்று யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது.

பெட்டியைத் திறந்தேன்.

மேலாக வேப்பிலைச் சருகு. அடியில் வரிசை வரிசையாக லயன், முத்து, ராணி. மாடஸ்டி சிரித்துக்கொண்டிருந்த முதல் லயன், 1984 ஜூலை. ஒரு பக்கமும் மடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தோண்டினால், இரும்புக்கை மாயாவி. கை நடுங்கியது. பதிப்பாளர் முகவரியைப் பார்த்தேன். சிவகாசி. அவ்வளவுதான். நம்பர் கிடையாது!

கலெக்டர்களுக்குள் முதல் பாடம் ஒன்று உண்டு. முகத்தில் எதுவும் காட்டக்கூடாது. நான் உதட்டைப் பிதுக்கினேன். ஒரு புத்தகத்தை எடுத்துத் தட்டினேன். தூசி பறந்தது. "எல்லாம் பழசா இருக்கேம்மா..." என்றேன். என் வாயிலிருந்து அந்தக் குரல் எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. அவ்வளவு சலிப்பு, அவ்வளவு கருணை.

"பேப்பர்காரன் இருநூறு ரூபா குடுக்கறேன்னான் தம்பி."

என் மனக்கணக்கில் அந்தப் பெட்டி அறுபதாயிரம். குறைந்தபட்சம். மாயாவி தனி.

"நான் ஆயிரத்தைந்நூறா குடுத்துடறேன்மா."

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கண் கலங்கிவிட்டது. "மவராசனா இருப்ப தம்பி. இந்தக் காலத்துல இப்படி ஒரு நல்ல மனுஷனா" என்றார்கள். காப்பி கொடுத்தார்கள். முறுக்கு கொடுத்தார்கள். பெட்டிக்குக் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கட்டியும் கொடுத்தார்கள். "பசங்க படிக்கறதுக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். என் வீட்டில் முந்நூற்று நாற்பது புத்தகம் கவருக்குள் இருக்கிறது. ஒன்றைத் தொட்டால் என் பெண்ணையே முறைப்பேன்.

கிளம்பும்போது, "வேற ஏதாச்சும் பழைய புஸ்தகம் கெடைச்சா கூப்பிடுங்கம்மா" என்று என் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பேராசை.

அன்று ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு பெட்டியைப் பிரித்தேன். அடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுப் பையன் ஒருவன் நடத்திய திண்ணை லைப்ரரி. எண், புத்தகத்தின் பெயர், வாங்கிய இடம், வாங்கிச் சென்றவர், திருப்பித் தந்த தேதி. ஒன்று முதல் அறுபத்திரண்டு வரை. ஒவ்வொரு புத்தகத்தின் மூலையிலும் சிவப்பு மையில் அதே எண். முதல் பக்கத்தில் சட்டதிட்டங்கள். எச்சில் தொட்டுத் திருப்பக்கூடாது. சாப்பிட்டுக்கொண்டே படிக்கக்கூடாது. தாமதத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்து பைசா. தொலைத்தால் அடுத்த இதழ் வாங்கித் தர வேண்டும். இரும்புக்கை மாயாவி 23-ம் நம்பர். வாங்கிய இடம் என்ற கட்டத்தில் 'மூர் மார்க்கெட், 40 காசு' என்றிருந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்கு முந்தி எப்போதோ அவன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பான்.

கலெக்டர்கள் பாஷையில் புத்தகத்தில் பேர், எண் எழுதியிருந்தால் அது குறை. விலையில் கால்வாசி கழியும். நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு மையை எப்படி எடுப்பது என்று.

தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் ஏதுடா?"

சொன்னேன். அந்த அம்மாள் கண் கலங்கியது, காப்பி, முறுக்கு, கொடிக்கயிறு எல்லாம். அம்மா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அன்னிக்கு நம்ம வாசலுக்கு வந்தவனும் இப்படித்தான்டா. ரொம்ப நல்ல மனுஷன்."

போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குத்தான் தூக்கம் போனது.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"சார்... புரசைவாக்கத்துல அம்மாகிட்ட புஸ்தகம் வாங்கினீங்கல்ல... நான் அவங்க பையன் பேசறேன். அம்பத்தூர்ல லேத் பட்டறைல வேலை. ஷிஃப்ட்டுல இருந்தேன் சார் அன்னிக்கு."

அட்டெண்டர் பக்கத்தில்தான் நின்றார். "எடைக்குப் போட்டுட்டேன்னு சொல்லிடுங்க சார்" என்று சைகை காட்டினார். இரண்டு விநாடி அப்படித்தான் சொல்வதாக இருந்தேன்.

"அம்மா மேல தப்பு இல்ல சார். அவங்களுக்குத் தெரியாது. நானும் வீடு மாத்தற அலைச்சல்ல சொல்ல மறந்துட்டேன். நீங்க குடுத்த ஆயிரத்தைந்நூறைக் குடுத்துடறேன். மேல ஏதாச்சும் சேர்த்துக் கேட்டாலும்..." கொஞ்சம் நிறுத்தினார். "சம்பளம் வந்ததும் குடுக்கறேன் சார்."

88-ல் நான் அந்தப் பேரீச்சம்பழக்காரனைத் தேடி நாலு தெரு ஓடினேன். அவன் கிடைத்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன். அவனிடம் போன் நம்பர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனேன். அவருக்கும் என் வயதுதான். விரல் நகத்திலெல்லாம் கிரீஸ். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். தரையில் உட்கார்ந்து நோட்டை விரித்தார். ஒன்று... இரண்டு... ஒவ்வொன்றாக எடுத்து, எண் பார்த்து, பென்சிலால் டிக் அடித்தார். நடுநடுவே ஒரு பக்கத்தைத் திறந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

22-க்கு டிக் அடித்தார். அடுத்து 24 வந்தது.

"23 இல்லையே சார்?"

வாசகர்களே, இங்கே நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பழுப்பேறாமல் இருக்கத் தனியாக ஒரு கவரில் போட்டு என் பீரோவில் வைத்திருந்தேன். கிளம்பும் அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்தப் பீரோவை அன்று காலை நான் இரண்டு தடவை திறந்து, இரண்டு தடவை மூடினேன்.

"பெட்டில இருந்தது இவ்வளவுதான் சார்" என்றேன். அதே குரல். அதே கருணை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை. லைப்ரரி வைத்திருந்தவர்களுக்கு இந்த முகமெல்லாம் பழக்கம் போலிருக்கிறது. 62 வரை டிக் அடித்து முடித்தார். சட்டைப்பையிலிருந்து மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டு எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஆமாம், வாங்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து அந்த அம்மா, "தம்பிக்குக் காப்பி கொண்டாரேன், இரு" என்றார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் டம்ளர் வந்துவிட்டது.

"சார், உங்க பேரு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

நோட்டில் 23-ம் நம்பருக்கு நேரே, வாங்கிச் சென்றவர் என்ற கட்டத்தில், நிறுத்தி நிதானமாக என் பெயரை எழுதினார். பக்கத்தில் அன்றைய தேதி போட்டார். திருப்பித் தந்த தேதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்.

"படிச்சுட்டு மெதுவாக் குடுங்க சார்" என்றார்.

இது நடந்து இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கவருக்குள் அந்த இரும்புக் கை மட்டும் தெரிகிறது. நாளைக்கு ஐந்து பைசா வீதம், இன்று காலைவரை இரண்டு ரூபாய் ஐந்து பைசா. வருகிற ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். ஐந்து பைசா நாணயம் எங்கே கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை.